கீழ்க்கயிற்றை இழுக்கும் விதம்

தம்பி,

நீ வரும்போது அப்பா தண்ணீரில் ஓட்டிய அந்தக் காற்றுப் பாய் வீட்டில் இருக்கக்கூடாது என்று போன மாதம் போனில் சொன்னாய். "யாருக்காவது குடுத்துருங்கம்மா. யாரும் வாங்காட்டி எரிச்சிருங்க" என்றாய். நானும் சரி என்றேன். அந்தச் சரியை என்னால் காப்பாற்ற முடியவில்லை. பாய் இங்கேதான் இருக்கிறது. உன் கல்யாணத்துக்கு வரும் சொந்தங்களுக்கு மத்தியில் அதை நீ திடீரென்று பார்த்து முகம் மாறிப்போவதை நான் விரும்பவில்லை. அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நாம் பேசுவது என்னவென்று உனக்கே தெரியும். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அங்க வெயிலா, இங்க மழை. ஐந்து வருஷமாக அப்படித்தான் பேசியிருக்கிறோம். அதற்குள் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சுகந்தி என்னிடம் பேசினாள். அவள்மேல் கோபப்படாதே. கல்யாணச் சேலையின் நிறத்தைப் பற்றிப் பேசத்தான் போன் எடுத்தாள். வைக்கப்போகும்போது கேட்டாள்: "அத்தை, ஒண்ணு கேக்கலாமா? லீவு நாள்ல எல்லாரும் பீச்சுக்குப் போவோம். இவரு மட்டும் வான் வண்டியிலயே இருப்பாரு. அங்க சில பேரு தண்ணில பாய் கட்டி ஓடுவாங்க. அதைக் கண்டா திரும்பி உக்காந்துக்குவாரு. ஏன்னு கேட்டா தலைவலிங்கிறாரு. அவருக்கு என்ன அத்தை?" கடுகண்ணாவை ஊர்ப் பிள்ளை, கட்டாரில் தாதியாக வேலை செய்து நாலு நாட்டு மனிதர்களைப் பார்த்தவள், பயந்துபோய்க் கேட்டாள். நான் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது. ஆனால் அந்தக் கேள்விக்கான பதில் அப்போது எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு வருஷத்துக்கு முன்பு கேட்டிருந்தால், அப்பாவை நினைத்துக் கவலைப்படுகிறான் என்று சொல்லியிருப்பேன். அதற்கு மேல் எனக்கே தெரியாது.

அப்பாவுக்கு அந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்பது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பிலிமத்தலாவையில் வாகனங்களுக்கு வயர் வேலை செய்துகொண்டிருந்த மனுஷன். திகனைப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரரின் ஜீப்பைத் திருத்திக் கொடுத்து, அதை ஓட்டிப் பார்க்க நீர்த்தேக்கம் வரை போனார். அங்கே அந்த வெள்ளைக்காரர் ஒரு பலகையில் ஏறி நின்று பாயைப் பிடித்துக்கொண்டு தண்ணீரின் மேல் போனதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எஞ்சின் இல்ல, துடுப்பு இல்ல, ஆளு ஓடுறான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த மனிதர் நாட்டை விட்டுப் போகும்போது பலகையையும் இரண்டு பாய்களையும் அப்பாவிடமே விட்டுப் போனார். ஒன்று பெரியது, ஒன்று சின்னது. உனக்கு அப்போது பதினான்கு வயது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் உங்கள் இரண்டு பேருடையவை. வானின் கூரையில் பலகையைக் கட்டிக்கொண்டு அம்பிட்டிய இறக்கத்தில் நீங்கள் போவதை நான் வாசலில் நின்று பார்ப்பேன். பிறகு உள்ளே போய் மீனைக் கழுவுவேன்.

நானும் வந்திருக்கலாம். நீங்கள் கூப்பிட்டீர்கள். கிழமை முழுதும் வீடு வீடாக ஏறி இறங்கிப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கும் மருத்துவிச்சிக்கு ஞாயிற்றுக்கிழமை காலை நீட்டிப் படுத்தால் போதும் என்றிருக்கும். இரண்டு தடவை வந்தேன். இரண்டு தடவையும் வானுக்குள் இருந்து பேப்பர் படித்தேன். நீங்கள் வெயிலில் குனிந்து நின்று கயிறுகளோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, தண்ணீரில் இருக்கும் நேரத்தைவிடக் கட்டும் நேரம்தான் அதிகம் போலிருக்கிறதே என்று நினைத்தேன். வீட்டில் சாப்பாட்டு மேசையிலும் அதே பேச்சு. கீழ்க்கயிறு, பின்கயிறு, பட்டை, கப்பி. எல்லாவற்றுக்கும் அப்பாவே தமிழில் பெயர் வைத்திருந்தார். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. என் வீட்டிலேயே ஒரு பாஷை பேசப்பட்டது, அதை நான் படிக்கவில்லை. அது எவ்வளவு பெரிய நட்டம் என்று அப்போது தெரியவில்லை.

அந்த நாளைப் பற்றி நாம் இதுவரை பேசியதே இல்லை. ஆகவே எனக்குத் தெரிந்ததை முதலில் எழுதுகிறேன். ஆகஸ்ட் மாதம். பின்னேரம் காற்று ஏறும் காலம். அப்பா தண்ணீருக்குப் போனார், நடுவில் பாய் விழுந்தது, திரும்ப எழும்பவில்லை. படகில் போய்த் தூக்கி வந்தார்கள். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் முகம் மேலே பார்த்தபடி இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போதே உயிர் போய்விட்டது. நெஞ்சு அடைப்பு என்றார்கள். அந்த ஞாயிறு அவசரத்துக்குப் போயிருந்த ஒரு வீட்டில் இருந்து நான் ஓடி வந்தபோது நீ ஈரச் சட்டையோடு சுவரில் சாய்ந்து நின்றாய். உன் கையில் இருந்த கயிற்றுத் தழும்பை நான் பார்த்தேன். அதைக் கேட்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் நீ குசினிக்குள் வந்தாய். நான் பெரிய கேத்தலில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். முன்னறை முழுக்க ஆட்கள். நீ கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நான் கீழ்க்கயித்த சரியா இழுக்கலம்மா" என்றாய். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கயிறும் மண்ணும். அதெல்லாம் இப்ப எதுக்குடா? போ, இந்தத் தட்டத்தக் கொண்டுபோய் மாமாக்களுக்குக் குடு" என்றேன். நீ தட்டத்தை வாங்கிக்கொண்டு போனாய். கொடுத்தாய். கோப்பைகளைத் திரும்ப எடுத்து வந்து கழுவியும் வைத்தாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை. சில மாதங்களில் கட்டாருக்குப் போய்விட்டாய். அப்பா இல்லாத வீட்டில் இருக்க முடியாமல் போகிறான் என்று எல்லோருக்கும் சொன்னேன். நானும் நம்பினேன். நீ என்னிடம் ஒரு பெரிய விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாய் என்பது எனக்கு விளங்கவே இல்லை, தம்பி. நீ சொன்னது தமிழ்தான். ஆனால் எனக்கு அது புரியாத பாஷையாக இருந்தது.

போன வருஷம் நான் ஓய்வு பெற்றதும் நீ முதல் தடவையாக அந்தப் பாயைக் கொடுத்துவிடச் சொன்னாய், ஞாபகம் இருக்கும். சரி, கேட்கிறானே என்று இரண்டு பாய்களையும் பலகையையும் பக்கத்து வீட்டு வானில் ஏற்றிக்கொண்டு திகனைக்குப் போனேன். நீங்கள் எப்போதும் இறங்கும் அந்த விடுதியின் கரையில் படகுகளையும் சாமான்களையும் இப்போது நஸீராதான் பார்த்துக்கொள்கிறாள். உனக்கு அவளைத் தெரியும். அப்போது பாடசாலை முடித்துவிட்டு அங்கே வேலைக்கு வந்த புதிது. படகில் போய் அப்பாவைத் தூக்கியவர்களில் அவளும் ஒருத்தி. பாய்ப் பையைக் கண்டதுமே அவள் அடையாளம் கண்டுவிட்டாள். நான் கொடுக்க வந்திருக்கிறேன் என்றதும் வாங்க மறுத்தாள்.

"அன்ட்டி, விரிச்சுப் பாக்காம குடுக்க வேணாம். நாலு வருஷம் மடிச்சுக் கெடந்த பாய். பூஞ்சணம் புடிச்சிரிக்கும். இருங்க, ஒருக்கா கட்டிப் பாப்பம்" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நீயே கட்டு."

"நான் ஒத்தைல கட்டினா நேரம் போகும். நீங்க புடிங்க, நான் சொல்றன்."

அப்படித்தான் தொடங்கியது. ஒரு சாமானைக் கையை விட்டுக் கழிக்கப் போனவள், புல்லில் முழங்காலிட்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு அவள் சொல்லச் சொல்ல நான் செய்ததை உனக்கு எழுதுகிறேன். உனக்குத் தெரியாதது ஒன்றும் இதில் இல்லை. நீதான் அப்பாவுக்கே திருத்திச் சொல்பவன். ஆனால் நான் எந்த வழியாக வந்து உன்னைப் புரிந்துகொண்டேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

சரளைக் கல்லில் விரிக்கக்கூடாது, புல்லில்தான் விரிக்க வேண்டும் என்றாள். பாயைத் தாங்கும் மரம் போகும் பக்கம் காற்று வரும் திசையைப் பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று அடியில் புகுந்து பாயைத் தூக்கிவிடும். மரத்தின் இரண்டு துண்டுகளையும் பொருத்துவதற்கு முன் அவை சேரும் மூட்டை ஒரு துணியால் துடைக்கச் சொன்னாள். மணல் ஒரு பொட்டு இருந்தாலும் இறுகிப்போய்ப் பிறகு இரண்டு ஆள் இழுத்தாலும் கழலாதாம். நான் என் சேலைத் தலைப்பாலேயே துடைத்தேன். பிறகு பாயின் முன் ஓரத்தில் இருக்கும் நீண்ட உறைக்குள் மரத்தை நுழைத்தோம். தலையணைக்கு உறை போடுவது போலத்தான். ஆனால் தலையணை இரண்டு ஆள் உயரம். நுனி போய் முட்டியதை நஸீரா கையால் தடவிப் பார்த்தாள். அடியில் மரத்தை நீட்டும் குழாயை எவ்வளவுக்கு வைப்பது என்பதற்குப் பாயிலேயே ஓர் எண் அச்சிட்டிருந்தது. அதன் பக்கத்தில் அப்பா பேனாவால் ஒரு கோடு கிழித்திருந்தார். நான் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழே கப்பிகளுக்குள் கயிற்றைக் கோக்கும்போது ஒன்றன் மேல் ஒன்று ஏறக்கூடாது. முதலில் பாய் நழுவாத அளவுக்கு இலேசாக இழுத்துக் கயிற்றை அங்கே இருக்கும் பிடியின் பல்லில் கடிக்க விட வேண்டும். அதன்பிறகு கையால் பிடிக்கும் அந்த வளைந்த சட்டத்தை மரத்தில் மாட்ட வேண்டும். அது நம் தோளுக்குச் சற்றுக் கீழே வரும்படி இருந்தால் நல்லது. நான் கட்டையானவள் என்பதால் இறக்கி மாட்டினோம். சட்டத்தை மாட்டியதும் எல்லோரும் பின்கயிற்றைத்தான் முதலில் இழுக்கப் பார்ப்பார்களாம், ஏனென்றால் அது கைக்கு இலகு. அது பிழை. முதலில் கீழ்க்கயிறுதான்.

அந்தக் கீழ்க்கயிற்றை நான் கையால் இழுத்தேன். அசையவில்லை. நஸீரா சிரித்தாள். புல்லில் உட்கார்ந்து, ஒரு காலை மரத்தின் அடியில் ஊன்றி, கயிற்றை ஒரு கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, முதுகை நிமிர்த்திக் காலால் தள்ளச் சொன்னாள். "கையால இழுக்காதீங்க அன்ட்டி. காலால தள்ளுங்க." முப்பது வருஷமாக மற்றவர்களுக்குத் தள்ளு தள்ளு என்று சொன்னவள் நான். எனக்கே ஒருத்தி சொன்னது சிரிப்பாக இருந்தது. தள்ளினேன். கயிறு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மரம் வில் போல வளைந்தது. உடைந்துவிடும் என்று பயந்து நிறுத்தினேன். இன்னும் இன்னும் என்றாள். அப்போதுதான் பாயின் மேல்பகுதியில், பின் ஓரத்தில், அதுவரை விறைப்பாக இருந்த துணி திடீரென்று தளர்ந்து சொங்கிப்போனது. மற்ற இடமெல்லாம் தகடு மாதிரி இருக்க, அந்த மூலை மட்டும் காற்றில் படபடத்தது.

"ஐயோ, கெடுத்துட்டேனா?" என்றேன்.

"இல்ல அன்ட்டி, இப்பத்தான் சரி. மேல இப்பிடி லூஸா இரிந்தாத்தான் காத்து கூடுறப்ப அதால வெளிய போகும். கீழ்க்கயித்த இழுக்காட்டி மேல இறுக்கமா இரிக்கும். காத்து போக வழியில்லாம எல்லாப் பாரமும் கையில வரும். ஆளு களைச்சுப் போவாரு."

நான் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். விரல்கள் மரத்துப்போயின. நீ குசினிக் கதவில் நின்று சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது. நான்கு வருஷத்துக்குப் பிறகு விழுந்தது. நான் கயிறும் மண்ணும் என்று தள்ளிவிட்டதற்குள் என் பிள்ளை என்ன சொல்லியிருக்கிறான்! அப்பாவின் கைக்குப் பாரத்தைக் கொடுத்தது நான்தான், அவரைக் களைக்க வைத்தது நான்தான் என்று சொல்லியிருக்கிறான். அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்திருக்கிறான். நான் தேத்தண்ணீர்த் தட்டத்தைக் கையில் கொடுத்திருக்கிறேன்.

நஸீரா பயந்துவிட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அழுது முடித்துவிட்டு நான் அவளிடம் கேட்டேன். "அன்னிக்கு நீ இங்கதானே இருந்த? என் மகன் அந்தக் கயித்த இழுக்கலயா? உண்மையச் சொல்லு."

அவள் என் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து சொன்னாள். தம்பி, இப்போது நான் எழுதப்போவதை மெதுவாகப் படி. அவள் சொன்னதை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. உன்னை ஆறுதல்படுத்த ஒரு பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். அப்பா திரும்பக் கட்டினார், நீ பார்க்கவில்லை என்று எழுதியிருக்கலாம். நீ என்றாவது கண்டுபிடித்துவிடுவாய். அதற்குப் பிறகு என் பேச்சு எதையும் நம்பமாட்டாய்.

அன்றைக்குக் காற்று ஏறிக்கொண்டிருந்தது. நீ சின்னப் பாயைக் கட்டலாம் என்றாய். அப்பா பெரியதுதான் வேண்டும் என்றார். வாக்குவாதம் வந்தது. கரையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. நீ கோபத்தோடு பெரிய பாயைக் கட்டினாய். கீழ்க்கயிற்றைப் பாதியில் விட்டுவிட்டு, "இந்தாங்க, ஒங்க பெரிய பாய்" என்று சொல்லிவிட்டு மேலே கன்டீன் பக்கம் போய்விட்டாய். அது உண்மை. நீ நினைத்திருப்பது உண்மை.

ஆனால் நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. நஸீரா அப்பாவிடம் போய், "அங்கிள், மேல லூஸ் வரல்ல. இன்னும் இழுக்கணும்" என்றிருக்கிறாள். அப்பா பாயைப் பார்த்தார். அவருக்குத் தெரியாதா? பிறகு கன்டீன் பக்கம் பார்த்தார். நீ முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாய்.

"தெரியும் புள்ள" என்றாராம். "இப்ப அவுத்துக் கட்டினா அவன் இன்னும் கோவப்படுவான். ஒரு சுத்து சுத்திட்டு வாறேன். அதுக்குள்ள அவனுக்கும் கோவம் ஆறிரும். வந்ததும் ரெண்டு பேருமா சேந்து இழுக்கிறோம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாராம். அப்படித்தான் தண்ணீருக்குள் இறங்கினார். அந்த ஒரு சுற்றிலிருந்து அவர் வரவில்லை.

இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று நஸீராவைக் கேட்டேன். "ஒருத்தரும் கேக்கல்ல அன்ட்டி. நானும் சின்னப் பிள்ள. இன்னும் கொஞ்சம் வற்புறுத்திச் சொல்லியிரிந்தா கேட்டிரிப்பாரோன்னு எனக்கும் மனசுக்குள்ள இரிந்திச்சு. எங்கட உம்மாகிட்டகூட சொல்லல்ல" என்றாள். பார்த்தாயா? நீ கட்டாரில், அவள் திகனையில், ஒரே கயிற்றை இரண்டு பேரும் இத்தனை வருஷமாகத் தனித்தனியாகப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். நான் கண்டியில் இரண்டும் தெரியாமல் சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து பல நாள் யோசித்தேன். பிறகு அன்றைக்கு அப்பாவைப் பார்த்த டொக்டரைத் தேடிப் போனேன். வேலை செய்த காலத்துப் பழக்கம் என்பதால் உட்கார வைத்துப் பேசினார். கயிற்றைப் பற்றியும் சொல்லிக் கேட்டேன். பாரம் கூடினால் களைப்பு வரும், களைப்பு இருதயத்துக்கு நல்லதல்ல, அதை இல்லை என்று சொல்லமாட்டேன் என்றார். ஆனால் அந்த அடைப்பு ஒரு பின்னேரத்தில் வந்ததல்ல, பல வருஷமாகச் சேர்ந்தது, அது கராஜில் வாகனப் பெட்டரியைத் தூக்கும்போதும் வந்திருக்கலாம், நம் வீட்டுப் படி ஏறும்போதும் வந்திருக்கலாம் என்றார். நம் வீட்டுப் படிகள் உனக்குத் தெரியும். அன்று காலை அந்தப் படிகளில் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கியவர் அவர்.

ஆகவே, தம்பி, நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். நீ கயிற்றைச் சரியாக இழுக்கவில்லை என்பது உண்மை. நீ அப்பாவைக் கொன்றாய் என்பது உண்மையில்லை. முதலாவதை மறைத்தால் இரண்டாவதை நீ நம்பமாட்டாய் என்பதால் இரண்டையும் எழுதுகிறேன். பாய் எப்படி இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியும். தெரிந்துதான் போனார். உன் கோபத்தை ஒரு பெரிய விஷயமாக அவர் எடுக்கவே இல்லை. திரும்பி வந்து உன்னோடு சேர்ந்து செய்ய ஒரு வேலை இருக்கிறது என்ற நினைப்போடு போன மனுஷன் அவர். அவர் கடைசியாகப் பேசியது உன்னைப் பற்றி. அதை இத்தனை காலம் உன்னிடம் கொண்டுவந்து சேர்க்காமல் விட்டது என்னை வருத்துகிறது. நான் அந்தக் குசினியில் கேத்தலைக் கீழே வைத்துவிட்டு, "அப்பிடின்னா என்னடா? எனக்கு வெளங்கிறமாதிரி சொல்லு" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நாம் இரண்டு பேரும் சேர்ந்து திகனைக்குப் போயிருப்போம். நஸீராவைக் கேட்டிருப்போம். நீ அழுது முடித்துவிட்டு இங்கேயே இருந்திருக்கவும்கூடும். இருந்திருப்பாய் என்று சொல்லவில்லை. ஆனால் ஓடிப்போயிருக்கமாட்டாய். போவதற்கும் ஓடிப்போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. எனக்கும் இத்தனை வருஷமும் ஒரு மகன் இருந்திருப்பான். போனில் மழை வெயில் கேட்கிற மகன் இல்லை.

கல்யாணம் செய்யப்போகிறாய். புத்தி சொல்ல வேண்டிய நேரம் இது என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் உனக்குச் சொல்வார்கள். பொறுத்துப்போ, விட்டுக்கொடு என்பார்கள். நான் சொல்வது இரண்டுதான். கோபத்தில் ஒரு வேலையைச் செய்தால், கோபம் ஆறியதும் எழும்பிப் போய் அதை ஒருமுறை பார்த்துவிடு. வெட்கப்படாதே. எவ்வளவு தூரம் போயிருந்தாலும் நடந்து திரும்பி வா. உன் அப்பா நல்லவர்தான், ஆனால் அவரும் ஆறட்டும் என்று தள்ளிப்போட்டார். பிறகு செய்யலாம் என்று நினைக்கும் வேலைகளில் சிலவற்றுக்குப் பிறகு என்பது கிடைப்பதில்லை. மற்றது, சுகந்திக்கு இதைச் சொல். கல்யாணத்துக்கு முன்பே சொல். அவளுக்குப் பாயும் தெரியாது, மரமும் தெரியாது. என்னைப் போலவே விழிப்பாள். அவளுக்கு விளங்கவில்லை என்றால் விட்டுவிட்டு எழும்பிப் போகாதே. கயிறு என்றால் என்ன, அதை இழுத்தால் என்ன நடக்கும் என்று முதலிலிருந்து சொல். நீ என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. சொல்ல நான் இடம் வைக்கவில்லை.

பாயை நான் நஸீராவுக்குக் கொடுக்கவில்லை. துணியில் இருந்த பூஞ்சணத்தை வெந்நீரும் வினாகிரியும் போட்டுத் துடைத்துக் கழுவினேன். பாயை விறைப்பாக வைக்கும் ஒரு பட்டையின் உறை கிழிந்திருந்தது, தைத்துவிட்டேன். பெரிய பாயை நான் தொடுவதில்லை. சின்னப் பாயோடு சனிக்கிழமைகளில் போகிறேன். ஊரில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். இடுப்பளவு தண்ணீரில் பலகையில் ஏறி நின்று, பாயைத் தூக்கும் கயிற்றைப் பிடித்து நிமிர்த்துவேன். நிமிர்ந்ததும் விழுவேன். நஸீரா கரையில் நின்று கத்துவாள். வறட்சிக் காலத்தில் தண்ணீர் இறங்கினால் அணை கட்டியபோது முங்கிப்போன பழைய ஊரின் சுவர்கள் மேலே வரும், பலகையின் அடியில் இருக்கும் ஃபின் அதில் அடிபடும், அதனால் அந்தப் பக்கம் போகாதீங்க என்று எச்சரிப்பாள். எங்கே போவது? பத்தடி போனால் பெரிய காரியம். ஒருநாள் அந்தப் பத்தடியில் காற்று பாயைப் பிடித்தது. என் கைகளில் அந்த இழுவை வந்தது. மனுஷன் சோற்றைப் பிசைந்துகொண்டு சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனது இதைத்தானா என்று இருந்தது. கூடவே இருந்திருக்கலாமே என்று இருந்தது. அவர் இருந்தபோது கேட்டிருந்தால் எவ்வளவு சந்தோஷமாகச் சொல்லித் தந்திருப்பார்! அதை இனி யாரிடம் போய்ச் சொல்வது? விழுந்து எழும்பி, முகத்தைத் துடைத்துக்கொண்டேன். தண்ணீரில் நின்று அழுதால் யாருக்கும் தெரியாது, அது ஒரு வசதி.

நீ வரும்போது நீர்த்தேக்கத்துக்கு வா என்று நான் கேட்கமாட்டேன். கல்யாணத்துக்கு வருகிறவனை அங்கே இழுத்துக்கொண்டு போகும் எண்ணம் எனக்கு இல்லை. பாய் முன்னறையில் இல்லை, பின்னறையில் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. பார்க்க விருப்பமில்லாவிட்டால் அந்த அறைக்குப் போக வேண்டாம். நஸீராவைக் கல்யாணத்துக்கு அழைத்திருக்கிறேன். அவளைக் கண்டால் ஓடிவிடாதே. அவளுக்கும் உன்னிடம் சொல்ல வேண்டியது இருக்கிறது. அவளும் பயந்துகொண்டுதான் வருகிறாள்.

இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் எடு. வேலை நேரமாக இருந்தால் பரவாயில்லை, லீவு போட்டுவிட்டு எடு. பேச வராவிட்டால் சும்மா பிடித்துக்கொண்டிரு, நானும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். சாப்பிட்டியா என்று கேட்கமாட்டேன். அன்றைக்கு அந்தக் கதவில் நின்று சொன்னதை, சொன்ன இடத்திலிருந்து திரும்பத் தொடங்கு. எந்தக் கயிறு, எவ்வளவு இழுத்தாய், எந்த இடத்தில் விட்டாய், எல்லாவற்றையும் சொல். இப்போது எனக்கு அந்தப் பாஷை கொஞ்சம் தெரியும். தெரியாத இடத்தில் நிறுத்தி, விளங்கும்வரை கேட்பேன்.

உன் அம்மா